கேக்கை முதலில், மக்ரூனைக் கடைசியில்: டிசம்பரில் ஊருக்கு வரும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைப்புக்குப் போய், டிசம்பரில் பாளை, நாசரேத், சாத்தான்குளம், தூத்துக்குடி என்று அவரவர் ஊருக்கு வந்து இறங்குகிற சொந்தங்களுக்கு, நெல்லைச் சீமையின் சிறு பேக்கரிக்காரர்கள் எழுதுவது.

வணக்கம். நீங்கள் எங்கள் கடைகளைத் தேடி வருவதில் எங்களுக்குச் சந்தோஷந்தான். ஆனால் வாங்குகிற வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. ஊருக்கு வந்த மறுநாளே மக்ரூனை, அதாவது முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் அந்த மொறுமொறு இனிப்பை, வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறீர்கள். பிளம் கேக்கை மட்டும் 24-ஆம் தேதி சாயங்காலம் வந்து, "அண்ணாச்சி, சூடா இருக்கா?" என்று கேட்கிறீர்கள். கேக்கை முதலில் வாங்குங்கள். மக்ரூனைத் திரும்பிப் போகிற அன்றைக்கு வாங்குங்கள். 22 முதல் 24 வரை மக்ரூன் கேட்டு வரவே வேண்டாம். காரணம் எங்கள் அடுப்பில் இருக்கிறது.

குடும்பமாக நடத்தும் பேக்கரியில் பெரும்பாலும் ஒரே அடுப்புதான். விறகு எரிக்கும் செங்கல் அடுப்பு என்றால் அதற்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. நன்றாக எரித்து, தணலை வாரிவிட்டு, ஈரச் சாக்கு சுற்றிய கம்பால் தரையைத் துடைப்போம். அப்போது இருக்கும் 220 டிகிரிச் சூட்டில் ரொட்டியும் பன்னும் போகும். சூடு 180-க்கு இறங்கும்போது பிஸ்கட், 160-ல் கேக். எல்லாம் முடிந்து 120-க்குக் கீழே வந்தபின், மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்கக் காய்வது ரஸ்க்கும் மக்ரூனும். பழைய ஆட்கள் வெப்பமானி வைத்துக்கொள்வதில்லை. ஒரு சிட்டிகை மைதாவை அடுப்புத் தரையில் தூவி, அது சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆக, இறங்குகிற சூடு ஒரு ராத்திரிக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். மின்சார அடுப்போ டீசல் அடுப்போ வைத்திருப்பவர்கள் சூட்டைத் திருகி வைத்துக்கொள்ளலாம். ஆனால் மக்ரூன் தட்டுகள் மணிக்கணக்கில் உள்ளே இருக்கிற வரை அந்த அடுப்பில் வேறு எதுவும் வேகாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மூன்று ராத்திரியும் கேக் ஆர்டருக்காக அடுப்பு 160-லேயே நிற்கும், இறங்கவே இறங்காது. அந்த நேரத்தில் மக்ரூன் கேட்டு வரிசை நின்றால், சூடு குறையாத அடுப்பின் வாயோரத்தில் வைத்து எடுக்க வேண்டிவரும். வெளியே பழுப்பேறும், உள்ளே சவ்வு மாதிரி பல்லில் ஒட்டும். சரியாகக் காய்ந்த மக்ரூன் அடித்தாளில் ஒட்டாமல் தானே கழன்று வரும். உடைத்தால் உள்ளேயும் வெள்ளையாக இருக்கும். வாயில் வைத்ததும் கரையும். பழுப்பு நிறத்தைப் பார்த்து "நல்லா வெந்திருக்கு" என்று சொல்பவர்களைக் கண்டால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். மக்ரூன் வேகிற பண்டம் இல்லை, உலர்கிற பண்டம்.

அதில் போகும் சாமான் மூன்றே மூன்று: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. மைதாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை. முப்பது முட்டை உடைத்தால் வெள்ளைக்கரு ஏறக்குறைய ஒரு கிலோ வரும். அதற்குச் சீனித் தூள் ஒன்றேகால் கிலோ, முந்திரித் தூள் ஒன்றேகால் கிலோ என்பது நடுத்தரமான கணக்கு. கடைக்குக் கடை கொஞ்சம் கூடும், குறையும். மஞ்சள்கரு ஒரு பொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. சீனியை ஒரேயடியாகக் கொட்டினால் எழும்பிய நுரை உட்கார்ந்துவிடும். முந்திரியை மையாக அரைத்தால் எண்ணெய் கக்கி நுரையைக் கெடுக்கும், ஆகவே ரவை மாதிரிப் பொடித்து, கடைசியில் கையால்தான் கலக்க வேண்டும். பிறகு காகிதக் கூம்பில் அடைத்து, தட்டில் மொட்டு மொட்டாகப் பிழிவோம். மழை நாளில் மொட்டின் முனை நிற்காமல் சரியும், சீனி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால். மிச்சமாகும் மஞ்சள்கரு பன்னுக்கு மேல்பூச்சாகவும் பிஸ்கட்டுக்கும் போய்விடும்.

நம்ம பக்கம் குளிர்காலம் என்பது பனியைவிட ஈரந்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும்போது மார்கழியிலும் கொட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 94 செ.மீ.க்கு மேல் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தக் காற்றில் மக்ரூன் பொட்டலத்தை ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே நமத்துப்போகும். வந்த மறுநாள் வாங்கி வைத்து, பத்து நாள் கழித்துச் சென்னையில் திறந்து பார்த்துவிட்டு, "முன்ன மாதிரி இல்ல" என்று எங்களைச் சொல்லிப் பலனில்லை.

ரயிலேறுகிற அன்று வாங்குங்கள். நெல்லை எக்ஸ்பிரஸோ முத்துநகர் எக்ஸ்பிரஸோ, எதுவானாலும் ராத்திரி வண்டிதான், பகல் முழுக்க நேரம் இருக்கிறது. இறுக மூடும் எவர்சில்வர் தூக்கோ டின்னோ கொண்டுவாருங்கள். அடியில், வெறுஞ்சட்டியில் வறுத்து ஆறிய ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, மேலே காகிதம் விரித்து மக்ரூனை அடுக்குங்கள். ஏ.சி. பெட்டியில் போனால், வீடு சேர்ந்ததும் மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த பண்டத்தின் மேல் சென்னைக் காற்று பட்டால் அந்த இடத்திலேயே வியர்த்துவிடும். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. நமத்துவிட்டால், மின்சார ஓவன் இருக்கிற வீட்டில் 100 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து, அதற்குள்ளேயே ஆறவிட்டால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். தோசைக்கல்லில் முயல வேண்டாம், ஈரம் போவதற்கு முன்னே அடி கருகும்.

கேக் விஷயம் இதற்கு நேர் எதிர். அல்வாவைக் கடை வாசலில் நின்று, வாழையிலையில் சுடச்சுட வாங்கித் தின்று பழகிய நாக்கு, கேக்கையும் அப்படியே கேட்கிறது. பிளம் கேக்கைச் சூட்டில் நறுக்கினால் பொடிந்து உதிரும், பழம் ஒரு பக்கம் மாவு ஒரு பக்கம் என்று தனித்தனியாக ருசிக்கும். குறைந்தது ஒரு நாள், நல்லது என்றால் ஐந்து முதல் ஏழு நாள் மூடி வைத்திருக்க வேண்டும். பழத்தில் ஊறிய சாறு அப்போதுதான் மாவுக்குள் பரவும், கிராம்பும் ஜாதிக்காயும் தனித்து முட்டாமல் அடங்கும். ஆகவே 15-ஆம் தேதி வாங்கின கேக் 25-ஆம் தேதி காலை ஆராதனை முடிந்து நறுக்கும்போது, 24 ராத்திரி எடுத்த கேக்கைவிட நன்றாகவே இருக்கும். வெண்ணெய்க்காகிதம் சுற்றி, டப்பாவில் மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.

சில கடைகளில், வீட்டுச் சாமானைக் கொண்டுவந்தால் கூலிக்குக் கேக் போட்டுக் கொடுக்கிறோம். அப்படி வருகிறவர்களுக்குக் கணக்கு இது: மைதா, வெண்ணெய், சீனி மூன்றும் ஒவ்வொரு கிலோ, முட்டை இருபது. பழவகை எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் கிலோ: உலர்திராட்சை, பேரீச்சை, முந்திரி, ஆரஞ்சுத் தோல். செர்ரி என்று விற்பதில் பெரும்பகுதி சாயமேற்றிய களாக்காய்தான், டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். இரண்டையும் அளவாகப் போடுங்கள். நிறத்துக்குத் தனியாகக் கால் கிலோ சீனி கருக்க வேண்டும். அதை நாங்களே செய்துகொள்கிறோம், ஏனென்றால் வீட்டில் செய்து வருபவர்கள் பாதிப் பேர் கசக்கிற வரை கருக்கிவிடுகிறார்கள். பழத்தை ரம்மிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறப்போட்டிருந்தால், முந்தின நாளே வடிகட்டிவிடுங்கள். வடிக்காத பழம் அடியில் போய்த் தங்கும். முட்டையையும் வெண்ணெயையும் ஃபிரிட்ஜிலிருந்து நேராகத் தூக்கிவராதீர்கள், குளிர்ந்த முட்டை வெண்ணெயோடு சேராமல் திரிந்து நிற்கும். ஒரு கிலோ கேக் 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். "சீக்கிரம் எடுங்க அண்ணாச்சி" என்று பாதியில் அடுப்பைத் திறக்கச் சொன்னால் நடுவில் குழி விழும்.

கடையில் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது எடையை. ஒரு கிலோ பிளம் கேக், ஒரு கிலோ சாதா கேக்கைவிடப் பார்வைக்குச் சின்னதாக இருக்கும். பெரிசாக இருந்தால் அதில் பழம் குறைவு, காற்று அதிகம். தின்று பார்த்து மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டினால், அது வெண்ணெய் இல்லை, வனஸ்பதி. வெண்ணெய் வாய்ச்சூட்டிலேயே உருகிவிடும். வனஸ்பதி போட்டதைக் குறைந்த விலைக்கு, அப்படிச் சொல்லியே விற்பதில் தப்பில்லை. வெண்ணெய் விலைக்கு விற்பதுதான் தப்பு. பொட்டலத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா பாருங்கள். பொட்டலமில்லாமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கும் விதி 2020 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. எழுதி வைக்காத கடை எங்களுடையதாக இருந்தாலும் கேளுங்கள். தட்டி எழுதச் சோம்பல்படுகிறவர்கள் எங்களிலும் உண்டு.

மாலை போட்டவர்களும் மார்கழி விரதக்காரர்களும் முட்டையில்லாதது கேட்கிறீர்கள். ரஸ்க், உப்பு பிஸ்கட், தேங்காய் பன் ஆகியவற்றைப் பெரும்பாலும் முட்டையில்லாமல்தான் போடுகிறோம், ஆனால் பன்னின் மேல் பளபளப்புக்கு முட்டை தடவியிருக்கலாம், கேட்டு வாங்குங்கள். தட்டும் அடுப்பும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அது மனசுக்கு ஒப்பாதவர்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்கிப் போகலாம். முட்டையில்லாத மக்ரூன் மட்டும் எங்களால் ஆகாது.

முதலூர் மஸ்கோத் அல்வா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதாப் பாலும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டுவது அது, நெய் கிடையாது. தேங்காயிலிருந்து கக்கும் எண்ணெய்தான் மேலே பளபளப்பது, அதைக் கெட்டுப்போனதாக நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். ஆனால் தேங்காய் என்பதால் நாள்பட்டால் காறல் வாடை வரும், வாங்கினதை அந்த வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. திருநெல்வேலிக் கோதுமை அல்வாவின் மேல் பெங்களூர்க் குளிரில் வெள்ளையாகப் படர்வது பூஞ்சை இல்லை, உறைந்த நெய். கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

ஆர்டர் சொல்லப் போன் போடும்போது நான்கு விவரம் போதும்: எத்தனை கிலோ, முட்டை போட்டதா இல்லாததா, ரம் சேர்க்கலாமா கூடாதா, எந்தத் தேதி காலை வந்து எடுப்பீர்கள். நவம்பர் கடைசிக்குள் சொன்னால் பழம் ஊறப்போடும் அளவை அதற்குத் தக்கபடி கூட்டிக்கொள்வோம். டிசம்பர் 20-க்கு மேல் புதிய கேக் ஆர்டர் எடுப்பதை நிறுத்த நினைக்கிறோம். பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டிய சபைகளும் அலுவலகங்களும் பாதித் தொகையை முன்பணமாகத் தர வேண்டும், டிசம்பரில் முட்டை விலை ஏறுவதால் எங்களுக்கு வேறு வழியில்லை.

இப்படிக்கு,
மாவு பிசைகிறவர்களும் கல்லாவில் நிற்கிறவர்களும்

பி.கு.: பப்ஸைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். அதைப் பார்சல் கேட்காதீர்கள், கடையிலேயே நின்று சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்போம்.