நசுங்கிப்போகும் பாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய பாடல்கள் காதை அறைகின்றன என்று யாராவது சொன்னால், எம்பி3 மீதோ மலிவான இயர்போன் மீதோ பழி போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, வெளியிடுமுன் பாட்டைக் கடைசியாகச் செப்பனிடும் மாஸ்டரிங்கில் நடந்து முடிந்திருக்கும். எம்பி3 சுருக்குவது கோப்பின் அளவை. மாஸ்டரிங்கில் பலத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸரும் லிமிட்டரும் சுருக்குவது மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை. இரண்டையுமே 'கம்ப்ரஷன்' என்பதால் வந்த குழப்பம் இது.

டிஜிட்டலில் உச்சம் பூஜ்ய டெசிபல். அதற்கு மேல் இடமில்லை. அதனால் சத்தம் கூட்ட வேண்டுமென்றால் உச்சங்களை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் மேலே ஏற்றுகிறார்கள். த்ரெஷோல்டு, அதாவது அமுக்கத் தொடங்கும் அளவு, மைனஸ் 20 என்று வையுங்கள். ரேஷியோ 4-க்கு 1, அதாவது அதைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபலும் 1 ஆகிவிடும். மைனஸ் 8-இல் விழுந்த மிருதங்க அடி மைனஸ் 17-க்கு இறங்கிவிடும். போன 9 டெசிபலை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால் அடி பழைய இடத்துக்கு வரும். கூடவே பாடகர் மூச்சிழுப்பதும் ஏசி இரைச்சலும் 9 டெசிபல் ஏறிவிடும்.

அட்டாக்கை, அதாவது அமுக்கம் பிடிக்க எடுக்கும் நேரத்தை, 1 மில்லி விநாடியில் வைத்தால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் 'நம்' முனை மழுங்கும். 20, 30 என்று விட்டால் தப்பிக்கும். ரிலீஸ், அதாவது அமுக்கியதை விடுவிக்கும் நேரம், மந்தமாக இருந்தால், இடப்பக்கமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம் தம்புரா அமுங்கி எழும். அதற்காக ஒரேயடியாக வேகமாக்கவும் முடியாது. 50 ஹெர்ட்ஸ் பேஸில் (அடித்தள ஒலியில்) ஓர் அலை 20 மில்லி விநாடி. ரிலீஸ் அதற்கும் கீழே போனால் கம்ப்ரஸர் அலையின் வடிவத்தையே வளைத்து, பேஸ் கரகரக்கும்.

2008-இல் அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' சிடியில் இது சந்திக்கு வந்தது. சிடியில் கரகரத்த அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் தெளிவாக ஒலித்தன. கேமுக்குப் போனவை அவ்வளவு நசுக்கப்படாத டிராக்குகள். திரும்ப மிக்ஸ் செய்யச் சொல்லி ரசிகர்கள் கையெழுத்து திரட்டினார்கள்.

இன்று இப்படி நசுக்குவதில் ஆதாயமும் இல்லை. காது உணரும் சராசரிச் சத்தத்தை லஃப்ஸ் என்ற அளவால் கணக்கிட்டு, ஸ்பாடிஃபையும் யூடியூபும் சத்தமான பாட்டைச் சுமார் மைனஸ் 14-க்கு இறக்கிவிடுகின்றன. மைனஸ் 8-இல் மாஸ்டர் செய்த பாட்டு 6 டெசிபல் இழக்கும். பூஜ்யத்தைத் தொட்ட அதன் உச்சம் மைனஸ் 6-இல் நிற்கும். மைனஸ் 14-இலேயே முடித்து உச்சத்தை மைனஸ் 1-இல் விட்ட பாட்டில் அடிகள் 5 டெசிபல் உயரமாக எழும். அந்த ஒரு டெசிபலையும் விட்டே ஆக வேண்டும். ஸ்ட்ரீமிங்குக்காக ஏஏசி, ஆக் (Ogg) போன்ற சுருக்கிய கோப்பு வடிவத்துக்கு மாற்றும்போது உச்சங்கள் சற்று ஏறும்.

பஸ்ஸிலும் காரிலும் கேட்க நசுக்கல் தேவைதானே என்பார்கள். நியாயம்தான், ஆனால் அது கேட்கும் கருவியில் இருக்க வேண்டிய வசதி. கோப்பிலேயே நசுக்கிவிட்டால் வீட்டில் கேட்பவருக்கு மீட்க வழியில்லை.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாஸ்டரை ஒப்புக்கொள்வதற்கு முன் மிக்ஸையும் (மாஸ்டரிங்குக்கு முந்தைய வடிவம்) மாஸ்டரையும் ஒரே லஃப்ஸுக்குக் கொண்டுவரச் சொல்லி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சமமாக வைத்த பிறகு, பல்லவி வரும் இடத்தில் பாட்டு எழும்புகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஒலிப்பதிவாளர்,
சென்னை