அக்கா போட்டால் கையெழுத்து ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தெருவில் ஒரு அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் டீச்சர் என்றாள்.

அவளுக்கு 16 வயது, பிளஸ் ஒன். தம்பிக்கு 8. அப்பா வடமாநிலங்களுக்கு லாரி ஓட்டியவர்; எச்.ஐ.வி. தொற்று இருந்தது. எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 2004-லிருந்தே அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மருந்து கொடுக்கும் மையத்துக்குப் போகாமலே இருந்துவிட்டார் மனிதர். அவர் இறந்து இரண்டு வருடத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். 1,200 ரூபாய் முதியோர் பென்ஷனில் இரண்டு பேரையும் வளர்த்த அம்மாயி போன ஐப்பசியில் கண்ணை மூடினார். சமையல், தண்ணீர், தம்பிக்கு மாத்திரை வாங்க மாதம் ஒருநாள் பஸ் ஏறிப் போவது எல்லாம் இப்போது அந்தப் பெண்தான். அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2009-ல் 5 கோடி ரூபாய் வைப்பு நிதி போட்டு ஒரு அறக்கட்டளை தொடங்கியது. அதில் தம்பிக்கு உதவி கேட்கலாம் என்றேன். சரி, அதற்கு முதலில் அவன் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டுமே என்று இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். கார்டியன் யார் என்று கேட்டார்கள். "நான்தான்" என்றாள் அக்கா. "நீயே மைனர்" என்று சிரித்தார் கவுண்டரில் இருந்தவர். அப்புறம், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போதே, "அப்பா அம்மா எதில் இறந்தார்கள்?" என்றார். "காய்ச்சல்" என்றாள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று 34 வருடம் பாடம் எடுத்தவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

கார்டியன் "நான்தான்" என்று அவள் சொன்னது சட்டப்படி சரி. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 32-வது பிரிவு என்ன சொல்கிறது? இப்படிப் பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும், விவரம் தெரிந்த பிள்ளை 12 வயது நிரம்பியிருந்தால், 18 வயதுக்குக் கீழ் உள்ள உடன்பிறப்புக்குக் காப்பாளராக இருக்கலாம். பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, சொத்து நிர்வாகம், வங்கிக் கணக்கு என்று வரிசையாகவே எழுதியிருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். மேனேஜர் படித்தார். "மேலிடத்திலிருந்து எங்களுக்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லையே அம்மா" என்றார்.

சுற்றறிக்கை வந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி. இந்தப் பிரிவைச் சொல்லி உரிமை கேட்டாலே வீட்டில் என்ன நோய் என்று கவுண்டருக்குத் தெரிந்துவிடும். நோயை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். அதனால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகே விசாரித்து, நோயின் பெயரோ பிரிவின் எண்ணோ இல்லாமல், "இந்தச் சிறுவனுக்கு இவரே காப்பாளர்" என்று கலெக்டர் முத்திரையோடு ஒரு கடிதம் கொடுக்கட்டும். வங்கியும் பள்ளியும் அதற்குமேல் கேள்வி கேட்காமல் ஏற்கும்படி அரசு உத்தரவு போட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இப்போதைக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு 68 வயது, சர்க்கரையும் இருக்கிறது. வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
நாமக்கல் மாவட்டம்.