கேட்டகரியைப் பார்க்காதே, ஐயா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் நல்ல சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகம்தானே?

இந்த வருஷம் அட்லாண்டிக்கில் புயல் கூடுதலாக இருக்குமென்று போனில் சொன்னாய். கடல் சூடாகிக் கிடக்கிறது, பசிபிக் கடல் குளிர்ந்துபோகிற லா நினாவும் சேர்ந்துகொண்டால் புயலைத் திரளவிடாமல் கலைக்கிற மேல்காற்று வலுவிழந்துவிடும் என்றெல்லாம் விளக்கினாய். சரி. அப்புறம், "ஹூஸ்டன் கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கு, கேட்டகரி மூணுக்கு மேல போனா பாத்துக்கலாம்" என்றாய். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

புயலுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடுகிற அந்தக் கேட்டகரி காற்றின் வேகத்துக்கு, ஐயா. தண்ணீருக்கு இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் இங்கே பெய்த மழைக்குப் புயல் என்ற பேரே கிடையாது. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமானது. தாமிரபரணி ஆற்றுக்குள்ளே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தே பழகிய ஜனம் நாம். அந்தப் பழக்கம்தான் பல பேரைக் கடைசி நிமிஷம் வரை வீட்டிலேயே உட்கார வைத்தது. நம் வீட்டில் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைச் சாக்கடை ஓட்டையிலிருந்து குபுகுபுவென்று கிளம்பியது. அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றுவதற்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. பிரிட்ஜ் சாய்ந்து மிதந்தது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. நீ அங்கே தவித்த தவிப்பு எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உங்கள் ஊர் ஹார்வி புயலும் அப்படித்தானே? 2017 ஆகஸ்டில் கரையேறும்போது கேட்டகரி நாலு. ஹூஸ்டனை முக்கியதோ, காற்று வலுக்குறைந்த பிறகு நகராமல் நின்று நாள்கணக்கில் பெய்த மழை. டெக்சாஸிலேயே நெடர்லாந்து என்ற ஊரில் 150 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததாம். உன் வீட்டுக்குப் பின்னால் ஓடை போகிறது. வீடியோவில் பேத்தி அதைக் காட்டும்போதெல்லாம் என் கண் அதன் கரை எவ்வளவு உயரம் என்றுதான் பார்க்கிறது.

சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது, அதற்குத் தனி பாலிசி என்று மருமகள் சொன்னாள். பணம் கட்டினாலும் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் நடப்புக்கு வருமாம். ஜூனில் தொடங்குகிற சீசன் செப்டம்பரில்தான் உச்சம் என்றாய். அதனால் இந்த வாரமே எடுத்துவிடு. பாஸ்போர்ட், பத்திரம், பேத்தியின் மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ ஓட்டாதே, அந்தப் புகை வாசனையே காட்டாமல் ஆளைக் கொன்றுவிடும். ரோட்டில் தண்ணீர் ஓடினால் காரை இறக்கவே இறக்காதே.

கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடு, ராசா. வெள்ளம் வருகிறதென்றால் குறுக்குத்துறையில் உற்சவரையே மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். உனக்கென்ன?

பாலிசி எடுத்ததும் போன் பண்ணு. இங்கே நடுராத்திரி என்று பார்க்காதே. அப்பாவும் முழித்துக்கொண்டுதான் இருப்பார்.

அன்புடன்,
அம்மா