ஸ்லாக்கின் முற்பிறவி

ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரை, அலுவலக அரட்டை மென்பொருளான ஸ்லாக்கைத் தரும் நிறுவனத்தின் கதையை 2014 இல் தொடங்கியிருந்தது. அது மென்பொருள் வெளியான ஆண்டு மட்டுமே. ருசியான பகுதி அதற்கு முந்தியது. ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்டும் கூட்டாளிகளும் ‘கிளிட்ச்’ என்ற இணைய விளையாட்டை உருவாக்கினார்கள். போதிய ஆட்கள் சேரவில்லை. 2012 இல் மூடினார்கள். வெவ்வேறு நகரங்களில் இருந்த அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த அரட்டைக் கருவிதான் மிஞ்சியது. அதுவே ஸ்லாக். (பட்டர்ஃபீல்டுக்கு இது புதிதல்ல: ஒளிப்படங்களைப் பகிரும் தளமான ஃப்ளிக்கரும் அவர் கைவிட்ட இன்னொரு விளையாட்டில் பிறந்ததுதான்.) 2021 இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் ஸ்லாக்கை 27.7 பில்லியன் டொலருக்கு வாங்கி முடித்தது.

ஒரு கோப்பு அடுத்த மேசைக்குப் போக வாரக்கணக்கில் காத்திருந்த எழுதுவினைஞன் நான். இத்தகைய கருவியை வரவேற்கிறேன். ஆனால் உப்புவெளியில் வீட்டிலிருந்தே கொழும்பு நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் என் மருமகளின் மடிக்கணினி இரவுச் சாப்பாட்டு வேளையிலும் ஒலிக்கிறது. வேலைநேரம் எப்போது முடிகிறது என்பதைப் பற்றியும் உங்கள் கட்டுரையாளர் எழுதுவாரா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
உவர்மலை, திருகோணமலை.