முதல் டோஸுக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகள் பற்றிய செய்திகளில் கைது, வழக்கு எல்லாம் விவரமாக வருகின்றன. அந்தக் குழந்தைக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கொடுத்தார்களா என்பது வருவதே இல்லை.

தொற்று அபாயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பயந்துபோன பிள்ளைகள் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறக்கிறார்கள். மிச்சமிருக்கும் நேரத்தையும் ‘போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க’ என்று சொல்லி வீணாக்கலாமா? அவசர சிகிச்சைக்கு எந்த ஆவணமும் கேட்கக் கூடாது என்கிறது 2020 போக்சோ விதிகளின் 6-ஆவது விதி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அதில் அடக்கம். தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

அப்புறம், இந்த மருந்தை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பெரியவர்களுக்கே சில சமயம் குமட்டும் மருந்து. ஏழு வயதுப் பிள்ளை வாந்தியெடுத்துவிட்டு ‘வேண்டாம்மா’ என்று அழுதால், கூலி வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வார்? மறுபடி கொடுக்கலாமா என்று கேட்க அவருக்கு ஒரு போன் நம்பராவது வேண்டும். மாத்திரையைக் கையில் திணித்து அனுப்பிவிட்டால் பாதியில் நின்றுபோகும்.

எல்லா அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளிலும், நள்ளிரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும், குழந்தையின் எடைக்கேற்ற மருந்து கைவசம் இருக்க வேண்டும். அது எங்கெங்கே கிடைக்கும் என்று சுகாதாரத் துறை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இதே சிகிச்சை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

- ஒரு வாசகி, திருச்சி