தறி நின்ற பிறகும் அடங்காத மனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் தூக்கமின்மை குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கும் அறை இருட்டாகவும் அமைதியாகவும் இருக்க வேண்டும், வேலை தொடர்பான எதுவும் அங்கே இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். சொன்னது சரிதான். ஆனால் சேலம் அம்மாபேட்டையில் நாங்கள் பாய் விரிக்கும் இடத்துக்கும் எங்கள் நான்கு விசைத்தறிகளுக்கும் நடுவே இருப்பது ஓர் அரைச்சுவர் மட்டுமே. எங்கள் தெருவில் பல வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. தனி அறை இல்லாதவர்களும் பகல் முழுவதும் பட்ட அலைச்சலை இறக்கி வைத்துவிட்டுத் தூங்க வழி உண்டு என்பதை அனுபவத்தில் கண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இரவு ஒன்பது மணிக்குத் தறியை நிறுத்திய பிறகும் அதன் சத்தம் காதுக்குள் நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கும். அன்று எத்தனை முறை பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல், அறுந்தது, வர வேண்டிய கூலியில் எவ்வளவு நின்றுபோனது, மகளிர் குழுத் தவணைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மனமும் கூடவே ஓடும். காலையில் ஐந்து மணிக்கு எழ வேண்டுமே என்ற பயத்தில், சாப்பிட்ட கையோடு ஒன்பதரை மணிக்கே படுத்துவிடுவேன். பிறகு ஒரு மணி வரை புரண்டுகொண்டிருப்பேன். கடிகாரத்தைப் பார்ப்பதும், இப்போது தூங்கினால்கூட நான்கு மணி நேரம்தான் கிடைக்கும் என்று கணக்குப் போடுவதும், அந்தக் கணக்கே கவலையாகி இருக்கும் கொஞ்சம் தூக்கத்தையும் கலைப்பதுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இரத்த அழுத்தத்துக்காகப் பார்த்த மருத்துவர் ஒருவர்தான் என் தவறு எங்கே என்று காட்டினார். விழித்துக்கொண்டே படுத்துக் கிடந்தால், படுக்கை என்பதே விழித்திருக்கும் இடம் என்று உடல் பழகிவிடும் என்றார். ஆகையால் கண் சொக்கும்போது மட்டுமே படுக்க வேண்டும். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி சொக்கும்போது வந்து படுக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றக் கூடாது. பகல் தூக்கமும் வேண்டாம். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972ஆம் ஆண்டிலேயே இம்முறையை வகுத்திருக்கிறார். முதல் வாரம் முன்பைவிட மோசமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, நிமிடங்களைக் குத்துமதிப்பாகவே எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் படுத்த சிறிது நேரத்திலேயே உறங்கிவிட்டேன்.

இரண்டாவதாக ஒரு நாற்பது பக்க நோட்டு. தறி நின்றதும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, நாளைக்கு எந்தத் தறியில் பாவு பிணைக்க வேண்டும், யாருக்குப் பணம் தர வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதி மூடி வைத்துவிடுவேன். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டிய வேலைகளை எழுதிவிட்டுப் படுத்தவர்கள் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கியிருக்கிறார்கள். எழுதியதால் கடன் குறையவில்லை. மறந்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் தலையைவிட்டு இறங்கியது, அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குச் சித்திரை மாதத்தில் போகும்போதெல்லாம் எட்டரை மணிக்கே கண் சொக்கிவிடும். சேலத்தைவிட ஏற்காடு ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே ஏழெட்டு டிகிரி வெப்பம் குறைவு. தூங்கத் தொடங்கும்போது உடலின் உள்சூடு குறைய வேண்டும், குளிர்ந்த காற்று அதற்கு உதவுகிறது. சேலத்திலோ பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் கூரை நள்ளிரவு வரை அதை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது. தினமும் மலையேற முடியாது என்பதால், மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிக்கிறோம், கோடையில் அங்கேயே படுக்கிறோம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வெதுவெதுப்பான நீரில் குளிக்கிறேன். வெந்நீர் உடம்பைச் சூடாக்கும் என்றுதான் முன்பு நானும் நினைத்திருந்தேன். ஆனால் அது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் உள்சூடு கைகால்கள் வழியே வெளியேறிவிடுகிறது.

அதே மலையில் விளையும் காப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தறிக்காரர்கள் மாலை ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று என்று குடிக்கிறோம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டும் அடினோசின் என்ற பொருளை வேலை செய்ய விடாமல் காப்பியிலுள்ள கஃபீன் தடுக்கிறது. அது பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காப்பியின் பாதி இரவு பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பிற்பகலுக்கு மேல் சுக்குமல்லி நீருக்கு மாறிவிட்டேன்.

நாள் முழுவதும் தறிகளுக்கு நடுவே நின்றே வேலை செய்பவர்களுக்குக் கெண்டைக்காலும் தோள்பட்டையும் கல்லாக இறுகிப்போகும். ஒவ்வொரு தசையாக ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்துப் பிறகு மெதுவாகத் தளர்த்தும் பயிற்சி இதற்கு நல்லது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் உருவாக்கியது. பாதத்தில் தொடங்கி முகம் வரை வருவதற்குள் பாதி நாட்கள் நான் தூங்கியிருப்பேன்.

எனக்கு மிகுந்த வேதனை தருவது, மருத்துவரின் சீட்டு இல்லாமலே தூக்க மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் எங்கள் தெருக்களில் பரவியிருப்பதுதான். பதிவேட்டில் எழுதி, சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மாத்திரைகள் இவற்றில் உள்ளன. நாளடைவில் அதே அளவு போதாமல் போவதும், திடீரென நிறுத்தினால் உடல் படும் பாடும் வாங்குபவர்களுக்குத் தெரிவதில்லை. ஆண்களில் பலர் குடியை மருந்தாக எண்ணுகிறார்கள். அது சீக்கிரம் கண்ணை மூட வைத்தாலும், பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். மனச்சுமை தாங்க முடியாதவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இரவில் தூங்குகிறீர்களா என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் கேட்கவும், தூங்காதவர்களுக்கு மாத்திரைக்கு முன்பாக இத்தகைய முறைகளைக் கற்றுக்கொடுக்கவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வேலை நாளின் பகலில் வந்தால் தறிச் சத்தத்தில் கேள்வியும் பதிலும் கேட்காது என்பதால், எங்கள் பகுதிக்கு மட்டுமாவது தறிகள் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில் அவர்களை அனுப்பினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
விசைத்தறித் தொழிலாளியான ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.