டிஸ்ப்ளே விலையையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஸ்மார்ட்போன்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த பக்கங்களைப் படித்தேன். கேமரா, சார்ஜ் ஏறும் வேகம், விலை என்று கட்டம் கட்டமாக மதிப்பெண் போட்டிருந்தீர்கள். என் சண்டை ஒரே ஒரு கட்டத்தோடுதான். ‘உறுதி’ என்ற தலைப்பின் கீழ், பின்பக்கம் கண்ணாடி என்றால் கூடுதல் மதிப்பெண், பிளாஸ்டிக் என்றால் குறைச்சல். நான் கோவில்பட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒட்டிய பாகங்களைச் சூடாக்கிக் கழற்றும் ஹீட் கன்னுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரிகிறது.

கையில் எடுத்ததும் சில்லென்று கனமாக இருந்தால், விலை உயர்ந்த பொருள் என்று மனசு நம்பிவிடும். கீழே விழும்போது அந்தக் கனம்தான் எதிரி. இரண்டு பக்கமும் கண்ணாடி என்றால் உடைய இரண்டு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் பேக் பேனல் கீறல் விழும், அசிங்கமாகும், ஆனால் லேசில் விரிசல் விடாது. மாற்றுவதற்கும் செலவு கம்மி. 2021-ல் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்21 போனைப் பிளாஸ்டிக் முதுகோடு 69,999 ரூபாய்க்கு விற்றபோது எல்லோரும் சிரித்தார்கள். அந்த விலைக்குச் சிரித்தது நியாயம்தான். முதுகுக்காகச் சிரித்ததில் எனக்கு உடன்பாடில்லை.

ஐபோன் பக்கம் வருவோம். 2017-ல் வந்த ஐபோன் 8 தொடங்கி ஐபோன் 13 வரை பின்கண்ணாடி உடம்போடு சேர்த்து ஒட்டப்பட்டது. அதை எடுக்க லேசர் மெஷின் வேண்டும், இல்லையென்றால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். 2022-ல் ஐபோன் 14-ல்தான் பின்பக்கத்தைத் தனியாகக் கழற்றும்படி உள்ளமைப்பை மாற்றினார்கள். வெளியில் பார்த்தால் 13-க்கும் 14-க்கும் வித்தியாசமே தெரியாது, ‘புதுசா ஒண்ணுமே இல்லை’ என்று விமர்சனம் எழுதினார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வருடத்தின் பெரிய செய்தியே அதுதான்.

இந்த இடத்தில் யாராவது ‘அந்தக் காலத்து நோக்கியா மாதிரி வருமா’ என்பார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் 2003-ல் வந்த நோக்கியா 1100 இன்னும் சில வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. சார்ஜ் போட்டால் உயிர் வரும். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை ஓடியதால் நம் மாநிலத்தில் அந்தப் பெயரோடு ஒரு பாசமும் உண்டு. ஆனால் அந்தத் திரை தீப்பெட்டி அளவு. மேலே பிளாஸ்டிக் மூடி, உள்ளே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இன்றைய போனில் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது வீண் பேச்சு.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் அட்டவணை ‘ஐபி68: ஆம்/இல்லை’ என்று முடித்துக்கொண்டது. ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தர எண். அதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில். எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதைக் கம்பெனியே அறிவிக்கும். ஐபோன் 12-க்கு ஆறு மீட்டர் என்றார்கள், சாம்சங்கின் உயர்வகை போன்களுக்கு ஒன்றரை மீட்டர் என்றார்கள், இரண்டுக்கும் அதே ஐபி68 தான். தூத்துக்குடி கடல் தண்ணீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அந்த எண் பொறுப்பேற்காது. உள்ளே தண்ணீர் போய்விட்டால் வாரண்டியிலும் பெரும்பாலும் வராது. இன்னொன்று, ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றத் திறந்துவிட்டால், ஓரத்து ஒட்டுப் பட்டையைப் புதிதாகப் போட்டு மூடாதவரை ஐபி68 வெறும் அட்டைப்பெட்டி எழுத்து. தீப்பெட்டி ஆபீசுக்கும் லேத் பட்டறைக்கும் போய்வருகிறவர்களுக்கு, தூசியும் தூறலும் தாங்கும் ஐபி54 கிடைத்தாலே போதும். அது இப்போது விலை குறைந்த போன்களிலும் வருகிறது.

விலைக் கட்டத்தில் பல பிராண்டுகளைத் தனித்தனியாக வைத்திருந்தீர்கள். ரெட்மியும் போக்கோவும் ஷாவ்மி வீட்டுப் பிள்ளைகள். ஓப்போ, விவோ, ரியல்மி, ஒன்பிளஸ் நான்கும் பிபிகே என்ற ஒரே சீனக் கம்பெனி மரத்தில் கிளைத்தவை. 2023 ஆகஸ்டில் ரெட்மி 12 5ஜி, போக்கோ எம்6 ப்ரோ 5ஜி என்று இரண்டு போன்கள் நம் சந்தைக்கு வந்தன. உள்ளே கிட்டத்தட்ட ஒரே சரக்கு, ஒரே சிப், வெளிச்சட்டை வேறு. அப்படிப்பட்ட இரண்டை எதிரெதிரே நிறுத்தி ஒன்றுக்கு ஏழு, மற்றதற்கு எட்டு என்று மதிப்பெண் கொடுப்பதில் வாசகருக்கு என்ன லாபம்?

ராம் கணக்கையும் கொஞ்சம் சலித்துப் போட்டிருக்கலாம். பெட்டியில் 16 ஜிபி என்று பெரிதாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் 8 கூட்டல் 8 என்றிருக்கும். இரண்டாவது எட்டு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. நிஜ ராமின் வேகம் அதற்கு வராது. அந்த ஸ்டோரேஜ் எந்த வகை என்பதை யாருமே கேட்பதில்லை. பழைய இஎம்எம்சி வகை என்றால் நிறைய நிரம்பியதும் போன் தள்ளாட ஆரம்பிக்கும்; யுஎஃப்எஸ் என்றால் சமாளிக்கும். ‘ரெண்டு வருஷத்துல ஸ்லோ ஆயிருச்சுண்ணே’ என்று வருகிற போன்களில் பாதிக் கதை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் அதற்கு இடமே இல்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு போனின் விலை என்று நான் நினைப்பது: பில் தொகை, அதோடு ஒரு டிஸ்ப்ளே விலை, ஒரு பேட்டரி விலை. மூன்றையும் கூட்டி, அந்த போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வருமோ அதால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 14,000 ரூபாய் போன், டிஸ்ப்ளே 3,500, பேட்டரி 1,500, அப்டேட் மூன்று வருடம் என்று வையுங்கள். வருடத்துக்கு 6,333 ரூபாய் விழும். இன்னொன்று 19,000 ரூபாய், டிஸ்ப்ளே 5,000, பேட்டரி 1,800, ஆறு வருடம் என்றால் 4,300 தான். வாங்கும்போது ஐயாயிரம் கூடுதல், உழைக்கும்போது வருடத்துக்கு இரண்டாயிரம் மிச்சம். இவை நான் போட்டுக் காட்டிய எண்கள்தான், ஆனால் ஆறு வருடம் என்பது கற்பனை இல்லை. 2024 அக்டோபரில் 18,999 ரூபாய்க்கு வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருட அப்டேட் என்று சாம்சங் அறிவித்தது. மேலே போனால், 2023-ல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024-ல் எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருடம் சொல்லியிருக்கின்றன. ஆப்பிள் சத்தம் போடாமலே இதைச் செய்துவந்தது. 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 வரை வாங்கிக்கொண்டது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஏழு வருடம் அப்டேட் தருகிற போனுக்கு மதுரையிலும் திருநெல்வேலியிலும் தேடி டிஸ்ப்ளே கிடைக்கவில்லை என்றால், அந்த ஏழு வருடம் காகிதத்தோடு சரி. அதிகம் விற்ற மாடலுக்குத்தான் சாமான் கிடைக்கும். விற்காத மாடல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஓலெட் வகையான அமோலெட் திரை என்றால், அதிலும் ஓரம் வளைந்த திரை என்றால், டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த ஒரிஜினல் காம்போ விலையைக் கேட்டதும் பலர் போனை அப்படியே பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். விலை குறைவு என்று எல்சிடி காப்பி போட்டால், திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாது. பெரும்பாலான போன்களில் ஓலெட் திரை வழியாக வெளிச்சம் ஊடுருவினால்தான் அது ரேகையைப் படிக்கும். இதைச் சொல்லாமல் காப்பியை மாட்டிவிடும் கடைக்காரர்கள் எங்கள் தொழிலிலேயே உண்டு, மறைக்க ஒன்றுமில்லை.

பேட்டரிக்கு வயதானால் போனுக்கு வயதாகிவிட்டதாகவே ஜனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒத்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29-க்கு இறக்கியது. அப்போது மாற்றிக்கொண்டவர்களின் போன்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. பேட்டரி 800 தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். விற்பனை நின்ற பின் ஏழு வருடத்துக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதை ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை தரம் பிரித்து லேபிளில் காட்ட வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ (பழுதுபார்க்கும் உரிமை) இணையதளம் திறந்தார்கள். பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று காட்டும் குறியீடு பற்றி ஆராய்ந்த குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்துவிட்டது. பெட்டியின் மேல் அந்த எழுத்து எப்போது ஏறும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதுவரை உங்களைப் போன்ற பத்திரிகைகள்தான் செய்ய முடியும். அடுத்த ஒப்பீட்டில் செல்ஃபி படங்களுக்குக் கொடுத்த அரைப் பக்கத்தைக் குறைத்துக்கொண்டு, நான்கு கட்டம் சேருங்கள்: கம்பெனி சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளே விலை, பேட்டரி விலை, கடைசி அப்டேட் வரும் வருடம், ஸ்டோரேஜ் வகை. சில கம்பெனிகள் உதிரிப்பாக விலையைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. போடாதவர்களுக்கு உங்கள் நிருபர் ஒரு போன் அடித்தால் போதும். பதில் சொல்லாத கம்பெனியின் கட்டத்தைக் காலியாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
கோவில்பட்டி.